சங்காயத்துக்கு முன்பணம் வாங்கலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்தின் பாக் விரிகுடாக் கரையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர், ஊர், படகு எண் எதுவும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டுப் பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

கணவருக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு இவருடைய நகைகளை விற்று, மீதிக்குக் கடன் வாங்கி எடுத்தது. வாரத்தில் மூன்று நாள் மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் போட்டுக் கடலுக்குப் போகிறது. டீசல், ஐஸ், சாப்பாடு, கூலி எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 45,000 ரூபாய் வரை செலவு. இறால், நண்டு, கணவாய் விற்ற பணம் பல நாள் அந்தச் செலவைத் தொடுவதில்லை. அப்போது கை கொடுப்பது சங்காயம்தான், அதாவது இறாலுக்குப் போட்ட மடியில் (இழுவை வலையில்) கூடவே ஏறி, மீன்தூளுக்குப் போகிற சின்ன மீன்கள். தடவைக்கு 700 கிலோ, கிலோ 20 ரூபாய் என்று 14,000 ரூபாய் வந்துவிடுகிறது.

இந்த நிலையில் மீன்தூள் கம்பெனி ஒன்றின் ஏஜென்ட் வீடு தேடி வந்திருக்கிறார். ஆறு லட்சம் முன்பணம். மூன்று ஆண்டுகளுக்குச் சங்காயம் முழுவதையும் அவர்களுக்கே போட வேண்டும், மாதம் 12 டன் குறையக் கூடாது. உத்தரவாதத்துக்குத் தொகை எழுதாத இரண்டு காசோலைகள். "மடிக்குள்ளே சின்னக் கண்ணி வலை ஒன்றைத் தைத்துக்கொள்ளுங்கள், எடை தானாக வரும்" என்று யோசனையும் சொல்லியிருக்கிறார். கண்ணி என்பது வலையின் துளை. அது சிறுத்தால் குஞ்சு மீனும் தப்பாது. ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே படகு டிரைவர் அப்படித் தைத்துப் பார்த்திருக்கிறார். அதே வாரம் மீன்வளத் துறை சோதனை. வலை பறிமுதல், டோக்கன் நிறுத்தம், விளக்கம் கேட்டு நோட்டீஸ்.

இவருடைய அம்மா இன்னும் நான்கு பெண்களோடு சேர்ந்து அதே சங்காயத்தை மணலில் காயவைத்து விற்கிறவர். கம்பெனிக்குப் போனால் அவருக்குச் சரக்கு இல்லை. நாட்டுப்படகில் போன அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதற்குச் சம்மதிக்க மாட்டார் என்று அம்மா அழுகிறார். கணவரோ, "கரைக்கு வரும்போதே செத்த மீன். கடலில் கொட்டினால் யாருக்கும் இல்லை, விற்றால் கடன் அடையும். இதில் என்ன தப்பு?" என்று கேட்கிறார். அவருடைய கேள்விதான் தன்னுடைய கேள்வியும் என்று முடித்திருக்கிறார் சகோதரி.

அன்புத் தங்கைக்கு,

"வக்கீல் அக்கா" என்று கூப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையோடு நேராகவே சொல்கிறேன். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். கடன் எவ்வளவு நெருக்கினாலும் வேண்டாம். ஏன் என்று விளக்குவதற்கு முன்னால் அவசரமான ஒன்று இருக்கிறது.

நோட்டீஸைப் பரணிலிருந்து எடுங்கள்

"வந்தது வரட்டும்" என்று உங்கள் கணவர் அதைப் பரணில் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்த மீனவர் வழக்குகளில் பாதிக்கு மேல் கெட்டது இந்த இடத்தில்தான். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன் கீழ் வரும் நோட்டீஸ் அது. அபராதம் விதிப்பதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்பது உங்களுக்குள்ள உரிமை. பதில் சொல்லாமல் இருந்தால் அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும். அதிகாரி தன் கையில் இருக்கும் அறிக்கையை மட்டும் வைத்து உத்தரவு போடுவார். உத்தரவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் முதல் கட்டத்தில் வாயே திறக்காதவர் மேல்முறையீட்டில் பேசுவது கடினம்.

பதிலை எழுத்தில் கொடுங்கள். நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் கொடுங்கள். வலையை எங்கே, யார் முன்னிலையில், எதை வைத்து அளந்தார்கள் என்ற ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். இழுவை மடியின் கடைசிப் பகுதியில் கண்ணி 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது விதி. அளவு சரியாகவே எடுக்கப்பட்டு, தைத்ததும் உண்மையாக இருந்தால் மறுக்க வேண்டாம். இது முதல் தடவை, உள்வலையை அகற்றிவிட்டோம், விதிப்படியான மடி வாங்கியதற்கு ரசீது இது என்று காட்டுவதில் கிடைக்கும் பலன், பொய் சொல்லி மாட்டிக்கொள்வதில் கிடைக்காது.

"தைத்தது டிரைவர், நமக்கென்ன" என்று கணவர் சொல்வது செல்லாது. படகுப் பதிவும் மீன்பிடி உரிமமும் அவர் பெயரில் இருக்கின்றன. படகை நடத்தியவரைக் கேட்கும் சட்டம் உரிமையாளரையும் கேட்கும். டோக்கன் மட்டும் நின்றால் சில நாள் இழப்போடு போகும். விற்பனை வரி விலக்கோடு கிடைக்கும் டீசலும் நின்றால் உங்கள் கணக்கு அடியோடு சரிந்துவிடும். இன்னொன்று: சின்னக் கண்ணி தைக்கச் சொல்லி ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இருக்கிறது என்றீர்களே, அதை அழிக்காதீர்கள். வேறொரு போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் இருப்பதும் இல்லாததும்

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். சின்னக் கண்ணி என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் இல்லை. வாயால் சொன்ன யோசனை ஒப்பந்தத்தில் ஏறவில்லை. காகிதத்தில் இருப்பது "மாதம் 12 டன்" மட்டுமே. உங்கள் படகு இன்று வாரம் மூன்று தடவை போய்க் கொண்டுவருவது மாதத்துக்கு ஒன்பது டன். மீதி மூன்று டன் எங்கிருந்து வரும்? விதிக்கு உட்பட்ட மடியில் வராது. ஆக, சட்டத்தை மீறாமல் நிறைவேற்ற முடியாத ஒரு வாக்கை உங்கள் கணவர் கொடுக்கிறார். அதை எப்படி நிறைவேற்றினார் என்று கேட்டால் கம்பெனிக்கு எதுவுமே தெரியாது. சோதனையில் பிடிபடுவது உங்கள் படகு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்துக்கும் இந்த ஒப்பந்தம் எடையைத் தள்ளுபடி செய்யவில்லை. புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், என்ஜின் பழுது எதற்கும் தள்ளுபடி இல்லை. குறைகிற ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தொகை, முன்பணத்துக்கு ஆண்டுக்கு 24 சதவீத வட்டி. தடைக்காலத்தில் மட்டும் 24 டன் பாக்கி ஏறிவிடும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 உங்களைக் கைவிடவில்லை. சட்டவிரோதமான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்கிறது 23ஆம் பிரிவு. அபராதம் என்று எழுதிவைத்த தொகையை அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை, நியாயமான இழப்பீடு மட்டுமே என்கிறது 74ஆம் பிரிவு. இவற்றை வைத்து நான் வாதாடலாம். ஆனால் அந்த வாதத்துக்கு வேலையே இல்லாமல் செய்வதற்காகத்தான் காசோலை கேட்கிறார்கள். தொகை எழுதாத காசோலை என்றாலும் கையெழுத்து உங்கள் கணவருடையது. மனமுவந்து கொடுத்த அப்படிப்பட்ட காசோலையைக் கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் அனுமானிக்கும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர்கள் ஒன்பது லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டுத் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். பணம் பாக்கி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் கணவர் தலையில் விழும். குற்றவியல் நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு வாய்தா போகிறவர் வாரம் மூன்று நாள் கடலுக்குப் போக முடியாது.

"செத்த மீன்தானே?"

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாதி நியாயமும் அதில் இருக்கிறது.

மடியை மேலே தூக்கிக் கொட்டிய பிறகு அதில் பெரும்பாலானவை பிழைக்காது. அதைத் திரும்பக் கடலில் தள்ளுவதை விடக் கரைக்குக் கொண்டுவருவது மேல் என்று சொல்வதில் தவறில்லை. இந்தத் தொழிலை உங்கள் கணவர் கண்டுபிடிக்கவும் இல்லை. 1952இல் நார்வேயோடு ஒப்பந்தம் போட்டு, கேரளத்தில் தொடங்கி, பிறகு உங்கள் மாவட்டத்து மண்டபம் வரை இழுவை மடியைக் கொண்டுவந்தது அரசாங்கம்தான். இறாலை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்ட வேண்டும் என்று மானியம் கொடுத்துப் படகு கட்டச் சொன்னார்கள். இறால் தவிர மடியில் ஏறியதையெல்லாம் அப்போது கடலிலேயே கொட்டினார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2005இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் பிடித்துக் கடலிலேயே எறியப்பட்ட மீனில் 27 சதவீதத்துக்கு மேல் வெப்பமண்டல இறால் மடிகளிலிருந்து வந்தது.

பிறகு கோழிப்பண்ணைகளும் இறால் பண்ணைகளும் பெருகின. தீவனத்துக்கு மீன்தூள் வேண்டியிருந்தது. ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். எறிந்ததற்கு விலை வந்தது. கடலூர்ப் பக்கம் கழசல், உங்கள் கரையில் சங்காயம். பெயர் எதுவானாலும், இறாலுக்குப் போன மடியில் தற்செயலாக வந்ததுதான் அது. உங்கள் கணவர் கவனிக்காமல் விட்ட இடம் இதுதான். இறால் இல்லாத, சங்காயம் மட்டுமே ஏறுகிற இடம் என்று தெரிந்தால் இன்று உங்கள் டிரைவர் அங்கே மடியை இறக்க மாட்டார், டீசல் வீண் என்பதால். மாதம் 12 டன் என்று கையெழுத்தான மறுநாள் அவர் அந்த இடத்தைத்தான் தேடிப் போவார். மடி தண்ணீரில் இறங்கும்போது அந்த மீன் செத்திருக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு வழக்குக்காக விடியற்காலையில் ஓர் இறங்குதளத்தில் நின்றிருந்தேன். பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து தேறுவதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் குந்தி, இரு கையாலும் ஓர் அள்ளு அள்ளி ஒரு செய்தித்தாளில் பரப்பினேன். காரல்தான் அதிகம். அதற்கு நடுவே நகக்கண் அளவு கணவாய்கள், நிறம் இன்னும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. சுண்டு விரல் நீளத்தில் விளைமீன் குஞ்சுகள், ஊளிக் குஞ்சுகள். வெங்காயத் தோல் போல ஓடு மெலிந்த நீலக்கால் நண்டுகள். எண்ணிக்கொண்டே வந்து நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அடியில் ஒரு கடல் குதிரை கிடந்தது. கடற்புல் இலை ஒன்றை வாலால் சுற்றிப் பிடித்தபடியே செத்திருந்தது.

அந்த விளைமீன் குஞ்சுகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். கிலோவுக்கு நாற்பது என்று வைத்துக்கொள்வோம். சங்காயமாக அதற்கு இருபது ரூபாய். கடலிலேயே விட்டிருந்தால், நாற்பதில் முப்பத்தாறை மற்ற மீன்கள் தின்றுவிட்டன என்றே கொள்ளுங்கள். மிஞ்சிய நான்கும் தலைக்கு அரைக் கிலோ வளர்ந்தால் இரண்டு கிலோ விளைமீன். ஏலத்தில் அதற்கு என்ன கிடைக்கும் என்பது என்னை விட உங்களுக்குத் தெரியும். பெரிய மீன் குறைந்ததால் சங்காயத்தை நம்புகிறோம் என்று உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சங்காயத்தை நம்பத் தொடங்கியதால் பெரிய மீன் குறைகிறது என்பதும் அதே அளவு உண்மை. கடனுக்கு ஈடாக அடகு வைக்கிற பொருளை நாமே சிறுகச் சிறுக விற்றுத் தின்பதுபோல் இருக்கிறது எனக்கு.

"நாம் விட்டால் பக்கத்துப் படகு பிடிக்கும்" என்றும் கணவர் சொல்வார். சரிதான். தனியொரு படகு திருந்தி இந்தக் கடல் நிரம்பிவிடாது. அதனால்தான் கேரளத்தில் 2015 முதல் ஒவ்வொரு மீனுக்கும் குறைந்தபட்ச நீளம் வைத்தார்கள். மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ.க்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது. முதலில் 14 வகைக்கு இருந்த இந்த வரம்பு பிறகு 58 வகைக்கு விரிந்தது. கரையில் வைத்தே சோதிக்கிறார்கள், எல்லாப் படகுக்கும் ஒரே விதி. உங்கள் சங்கத்தில் கணவர் பேச வேண்டியது இதைத்தான். அதுவரை உங்கள் படகு தனியாகத் தியாகம் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இருப்பதை இன்னும் மோசமாக்க மூன்று ஆண்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம்.

உங்களுக்கு யாரோ சொன்ன மூன்று விஷயங்கள்

ஒன்று, "பன்னிரண்டு மைலுக்கு அப்பால் மாநில விதி செல்லாது, அங்கே எந்த மடியும் போடலாம்." மாநிலத்தின் அதிகாரம் 12 கடல் மைல் வரைதான் என்ற வாதம் வேறு கடல்களுக்காக நீதிமன்றங்களில் நடக்கிறது. உங்கள் கடலில் அதற்கு இடமே இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து பன்னிரண்டு மைல் போனால் சர்வதேச எல்லைக்கோடு வந்துவிடும். கரையிலிருந்து ஐந்து கடல் மைல் நாட்டுப்படகுக்கு விட வேண்டியது. மிஞ்சியிருக்கும் ஒடுக்கமான பட்டைதான் விசைப்படகுகளுக்கு, அதிலும் வாரத்தில் மூன்று நாள். அந்தப் பட்டையில் 12 டன் தேறாத மாதத்தில் டிரைவர் எந்தத் திசையில் போவார் என்பது நம் இருவருக்கும் தெரியும். இலங்கை 2017இல் இழுவை மடியையே சட்டப்படி தடை செய்துவிட்டது. அங்கே பிடிபட்டால் படகு திரும்புவது அரிது. எல்லைக்கு அந்தப் பக்கம் இரவில் வலை அறுபடுகிறவர்கள் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கும் தமிழ் மீனவர்கள். உங்கள் அப்பாவைப் போலச் சின்னப் படகில் போகிறவர்கள்.

இரண்டு, "சங்காயத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை." பார்க்கிறார்கள், வனத் துறையினர் பார்க்கிறார்கள். கடல் குதிரையும் கடல் அட்டையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. செத்ததோ காய்ந்ததோ, கையில் வைத்திருந்தாலே குற்றம். ஆண்டுக்கணக்கில் சிறை வரை போகும். உங்கள் அம்மாவின் சாக்கில் பத்துக் காய்ந்த கடல் குதிரை இருந்தால், வேண்டுமென்று எடுக்கவில்லை என்று அவர்தான் விளக்க வேண்டியிருக்கும். கடற்புல் படுகையில் மடி ஓடும் கடல் இது, அவை ஏறத்தான் செய்யும். படகின் தளத்தில் கொட்டியதும் முதல் வேலையாக அவற்றைப் பொறுக்கி உயிரோடு தண்ணீரில் விடும்படி டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். "மருந்துக்கு நல்ல விலை" என்று எவராவது கேட்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மூன்று, "61 நாள் தடையில் எல்லாம் திரும்பப் பெருகிவிடும்." தடை நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் பொரித்து வளர்ந்த குஞ்சுகளை ஜூன் 15ஆம் தேதி காலையில் சின்னக் கண்ணியால் அள்ளினால், தடைக்காலத்தில் நீங்கள் பட்டினி கிடந்ததற்குப் பொருளே இல்லாமல் போகும்.

வேறு என்ன வழி?

மடியின் கடைசிப் பகுதிக்கு 40 மி.மீ. சதுரக் கண்ணி போடுங்கள். வழக்கமான சாய்சதுரக் கண்ணி, பாரம் ஏறி இழுபடும்போது மூடிக்கொள்ளும். அளவு சரியாக இருந்தாலும் குஞ்சு வெளியேற வழி இருக்காது. சதுரக் கண்ணி இழுக்கும்போதும் திறந்தே நிற்கும். முதல் மாதங்களில் எடை குறையும், அதை மறைக்க மாட்டேன். மடி இலேசாவதால் இழுவையும் குறையும், குப்பையோடு நசுங்காத இறாலுக்கு ஏலத்தில் விலையும் கூடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் குஞ்சுகளை வெளியே விட்டு இறாலை நிறுத்திக்கொள்ளும் சாதனம் ஒன்றையும் வடிவமைத்திருக்கிறது. அதைப் பற்றி மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். நோட்டீஸுக்குப் பதில் கொடுக்கப் போகும் அன்றே கேட்டால் உங்கள் நல்லெண்ணத்துக்கும் அது சாட்சி.

ஆழ்கடல் படகுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாக் விரிகுடா விசைப்படகுகளைச் சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுகளாக மாற்றும் திட்டம் 2017இல் வந்தது. அப்போது ஒரு படகுக்கு 80 லட்சம் என்று கணக்கு. மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், உங்கள் கையிலிருந்து 10 சதவீதம். 70 சதவீத மானியம் என்றதும் மனம் தாவும். ஆனால் பழைய படகை ஒப்படைக்க வேண்டும், 16 லட்சம் கடன் ஏறும், நாள்கணக்கில் கடலில் தங்க வேண்டும், பாக் விரிகுடாவின் ஆழமில்லாத இறங்குதளங்களில் அந்தப் படகைக் கட்டவும் முடியாது. மாறிய சில குடும்பங்கள் என்னிடம் வந்தன, மகிழ்ச்சியோடு வரவில்லை. உங்கள் கணவர் ஒரு பருவமாவது அப்படிப்பட்ட படகில் கூலிக்குப் போய்த் தொழிலைப் பார்த்துவிட்டு வரட்டும். இன்றைய படகு விலை, மானிய விகிதத்தைத் துறையில் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏஜென்டிடம் வாங்கும் ஆறு லட்சத்தில் நான்கு லட்சம் பழைய கந்துவட்டிக்குப் போகும் என்கிறீர்கள். அந்தக் கந்துவட்டிக்காரர் வாங்கியிருக்கும் வட்டியையும் எழுதிக் கொடுத்த காகிதங்களையும் எனக்கு அனுப்புங்கள். 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கயிற்றில் கழுத்தை விடுவதற்கு முன், முதல் கயிற்றையே தளர்த்த முடியுமா என்று பார்ப்போம்.

அம்மாவின் தொழில்

உங்கள் அம்மாவைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் நான்கு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் எனக்கு வழி தெரிந்தது அந்த நான்கு வரியில்தான்.

சங்காயம் என்று ஒரே குவியலாகக் கொட்டுவதில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. காரல், சூடை, நெத்திலி எல்லாம் முழுதாக வளர்ந்தாலும் சின்ன மீன்களே. மனிதர்கள் சாப்பிடுகிற மீன். கிள்ளிப் போட்டுக் குழம்பு வைத்தும், கருவாடாகப் பொரித்தும் ஊரே சாப்பிட்டு வளர்ந்தது. அவற்றை "கழிவு" என்று சொல்லவே எனக்கு மனம் வருவதில்லை. மற்றது, பெரிதாகியிருக்க வேண்டியவற்றின் குஞ்சு. இரண்டும் ஐஸ் இல்லாமல் தளத்தில் வெயிலில் கிடந்து ஒன்றாக நொந்து போவதால் ஒரே விலை, இருபது ரூபாய். சதுரக் கண்ணி போட்டால் குஞ்சு குறையும். கடைசி இழுப்பில் வந்த காரலை மட்டும் தனியாக ஒரு பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்து வந்து, மணலில் விரிக்காமல் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலைப் பந்தலில் உப்புப் போட்டுக் காயவைத்தால் அது கோழித்தீவனம் ஆகாது, கருவாட்டுச் சந்தைக்குப் போகும் சரக்கு. உங்கள் அம்மாவும் அந்த நான்கு பெண்களும் மீனவர் நல வாரியத்தில் உறுப்பினர்களா என்று பாருங்கள். இல்லை என்றால் பதியுங்கள். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அவர்கள் 1,500 ரூபாய் சேமித்தால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகிறது. பந்தல் கட்ட அதுவே ஒரு தொடக்கம்.

டோக்கன் மறுபடி கிடைத்து படகு போய்வந்த முதல் நாள், ஒரே ஒரு கூடைச் சங்காயத்தை அம்மாவிடம் கொடுத்து இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: சாப்பாட்டுக்கு ஆவது ஒரு பக்கம், குஞ்சு மறு பக்கம். கணவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டையும் எடை போட்டு எனக்கு எழுதுங்கள். ஏஜென்டுக்கு அதுவரை எந்தப் பதிலும் சொல்ல வேண்டாம். காசோலைப் புத்தகம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.